"வீட்டில் தமிழ் வேண்டாம்" என்கிறார் ஆசிரியை. வெள்ளிக்கிழமை சந்திப்பு, அவசரம்!

நன்னிலத்து மருமகள்:
வணக்கம். வந்து இறங்கிய அலுப்பே தீரவில்லை, அதற்குள் பள்ளியிலிருந்து அழைப்பு. மகன் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், தினமும் கதை வாசித்துக் காட்டுங்கள் என்கிறார் ஆசிரியை. என் ஆங்கிலம் கடைக்குப் போய்வரக் காணும், கதை சொல்லக் காணாது. இவரோ பயந்துபோய், இனி தமிழே கூடாது என்கிறார். என்ன செய்வது?

மஸ்கட் மன்னை:
பள்ளி இருக்கட்டும் சகோதரி, வீடு அமைந்துவிட்டதா? நாங்கள் வந்த புதிதில் ஒரே அறையில் இரண்டு குடும்பம், நடுவில் புடவைதான் திரை. பிள்ளைக்குக் கதை வாசிக்க விளக்கைப் போட்டால் அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். ஆங்கிலம் மட்டும் போதும் என்பேன். விடுமுறைக்கு மன்னார்குடி போனால் தமிழ் தானாக வந்துவிடும்.

டொராண்டோ திருவையாறு:
தானாக வராது அண்ணா. என் மூத்தவள் ஊரில் பாட்டி எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். தமிழ் மட்டும் வாசியுங்கள். 247 எழுத்தையும் முதலில் முடியுங்கள். இங்கே பொது நூலகத்தில் குழந்தைகளுக்கான தமிழ் நூல்கள் இருக்கின்றன. முதல் குளிர்காலத்தில் நான் பிழைத்ததே அந்த நூலகத்து ஹீட்டரால்தான்.

பாபநாசம் ஓய்வாசிரியர்:
பிள்ளைக்கு என்ன வயது, எந்த நாடு என்றே தெரியவில்லை, அதற்குள் 247-ஆ? ஒன்றாம் வகுப்பில் நான் கண்டது இது: கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்து சுலபமாகப் பிடிபடும். எழுத்தை மட்டும் உருப்போட்ட பிள்ளை வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்திருக்கும்.

திருவாரூர் தேர்:
வாசிக்கப் புத்தகம் வேண்டாமா ஐயா? ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டி நிறைய வடாம், அப்பளம், கும்பகோணம் காபித் தூள். கதைப் புத்தகம் கேட்டால் "எடை கூடிவிடும்" என்கிறார்கள். வீடியோ அழைப்பிலும் பேரனைப் பார்ப்பதைவிடத் தொடரைத்தான் பார்க்கிறார்கள்.

மஸ்கட் மன்னை:
எங்கள் வீட்டிலும் அதே கதை. மேட்டூர் திறந்தார்களே, கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

திருவாரூர் தேர்:
வாய்க்கால் தூர்வாரினால்தானே வரும்!

குத்தாலத்து அக்கா:
தண்ணீர் வரும்போது வரட்டும். நன்னிலத்துத் தங்கச்சி, மூன்று விஷயம் சொல்லுங்கள்: வயது, நாடு, வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறானா?

நன்னிலத்து மருமகள்:
மன்னியுங்கள் அக்கா. நான்கரை வயது. இங்கிலாந்தில் கவன்ட்ரி, ரிசப்ஷன் வகுப்பு, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தையது. வீட்டில் வாய் ஓயாது. நேற்றுகூடக் குளியலறையிலிருந்து போனில் பாட்டியிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தான்.

குத்தாலத்து அக்கா:
அப்படியானால் பாதிக் கவலை போயிற்று. நானும் இங்கிலாந்தில்தான், பள்ளியில் உதவி ஆசிரியை. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். வீட்டிலும் பேச்சு குறைவாக இருந்தால்தான் செவித்திறனைச் சோதிக்கச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை தைரியமாகப் போங்கள். ரிசப்ஷன் வரையான வகுப்புகளுக்கு இங்கிலாந்து அரசு வகுத்த சட்டப்படியான நெறிமுறையே, வீட்டு மொழியை வளர்க்கப் பள்ளி நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. சண்டையாக இல்லாமல், "தமிழில் தினமும் வாசிக்கிறோம், ஆங்கிலப் புத்தகத்துக்கு நீங்கள் உதவுங்கள்" என்று கேளுங்கள்.

வாசிப்பு பெரிய வித்தை இல்லை. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், பல கதைகள் ஆங்கிலத்திலும் உண்டு. ஒரே கதையை இன்று தமிழில், நாளை ஆங்கிலத்தில் வாசியுங்கள். கதை தெரிந்திருப்பதால் உங்கள் ஆங்கிலமே போதும். வரியின் அடியில் விரலை ஓட்டுங்கள். பக்கத்தை அவன் திருப்பட்டும். நடுவில் நிறுத்தி, "வாத்து ஏன் ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். உளறினாலும் பரவாயில்லை, அவன் சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிக் கேள்வி கேட்டு வாசிக்கப்பட்ட பிள்ளைகளின் பேச்சு நன்றாக முன்னேறியிருந்தது. அதே புத்தகத்தையே மறுபடி கேட்டாலும் மறுக்காதீர்கள். நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே இலவச அட்டை தருவார்கள்.

நன்னிலத்து மருமகள்:
ஊரில் இருக்கும் அத்தைக்கும் வீடியோ அழைப்பில் பேரனுக்கு வாசித்துக் காட்ட ஆசை. ஆனால் இவன் தூங்கும் நேரம் ஏழு மணி.

குத்தாலத்து அக்கா:
அப்போது ஊரில் இரவு பதினொன்றரை, வேண்டாம். காலை ஏழரைக்கு, பள்ளிக்குக் கிளம்புமுன் அழையுங்கள், அங்கே பகல் பன்னிரண்டு. அக்டோபர் இறுதியில் இங்கே கடிகாரம் மாறியதும் அது ஒரு மணியாகும். அத்தை கையில் அதே கதையின் அச்சுப் பிரதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் முகம் தெரியுமே தவிரப் படம் தெரியாது.

பாபநாசம் ஓய்வாசிரியர்:
ஜெராக்ஸ் கடைக்குக் கதைக் கோப்பை அனுப்பி, தாளுக்கு ஒரு பக்கமாகப் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள் அம்மா. பாட்டியும் கண்ணாடியைத் தேட வேண்டாம்.