உள்ளகப் பயிற்சி வைத்தியர்களே, கொஞ்சம் உதவுங்கள்

யாழ்ப்பாணத்தில் மேடையேற்ற ஒரு குறுநாடகம் எழுதுகிறேன். நாயகி, ஐந்தாண்டுப் படிப்பை முடித்து ஓராண்டு உள்ளகப் பயிற்சிக்கு வந்த வைத்தியர். வரைவைப் படித்த மருமகள், அவளும் இப்போது அதே பயிற்சியில்தான் இருக்கிறாள், விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, உங்கள் நாயகி காதலிக்கிறாள், அழுகிறாள். இரத்தம் எடுப்பது எப்போது?"

பிழை என்னுடையதுதான். 2005இல் தொடங்கிய 'கிரேஸ் அனாட்டமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு எழுதினால் வேறென்ன வரும்? அதில் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பயிற்சி வைத்தியர் குடல்வால் சத்திரசிகிச்சைக்குக் கத்தியைப் பிடித்துவிடுகிறார்!

இரவுக் கடமையில் எப்போது சாப்பிடுகிறீர்கள்? ஊசிக்கு நாளம் அகப்படாதபோது நோயாளியின் அம்மா என்ன சொல்வார்? முதல் மரணத்தை உறவினரிடம் எந்தச் சொற்களில் சொன்னீர்கள்? இந்த மூன்றாவதுதான் எனக்கு எழுதவே வரவில்லை. நோயாளிகளின் பெயர் வேண்டாம். நேரம் கிடைக்கும்போது உள்பெட்டியில் இரண்டு வரி எழுதுங்கள்.