தறி ஓடுற வீட்டில் பூனைக்குட்டிக்கு என்ன விளையாட்டுக் காட்டலாம்?

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்)
குட்டிக்கு 5 மாசம் ஆகுதுங்க. பொழுது சாய்ஞ்சா கொலுசுச் சத்தம் கேட்டுக் காலைப் பிடிச்சுக் கடிக்குது. விடியக்காலை 4 மணிக்கு எழுப்பிவிடுது. தறிக் கழிவு நூலைச் சுருட்டிப் போட்டா ஆசையா விளையாடுது. அதையே கொடுக்கலாமா?

பதில் 1
நூல் மட்டும் வேண்டவே வேண்டாங்க. பூனை நாக்குல இருக்கிற முள்ளு எல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்திருக்கும். வாய்க்குள்ள போன நூலைத் துப்ப வராது, முழுங்கிடும். ஒரு முனை நாக்கடியில சிக்கி, மறுமுனை குடலுக்குப் போச்சுன்னா, சுருக்குப்பைக் கயிறை இழுத்த மாதிரி குடல் சுருங்கி அறுபட்டுடும். ஜரிகை, ரப்பர் பேண்டும் அப்படித்தான். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினா இழுக்காதீங்க, உடனே கால்நடை மருத்துவர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. வாந்தி எடுத்து, சாப்பிடாம சுருண்டு கிடந்தாலும் அன்னைக்கே காட்டணும். கழிவு நூலை மூடி போட்ட டப்பாவுல வைங்க.

பதில் 2 (ஏற்காடு)
நூலுக்குப் பதிலா இப்படி ஒரு பொம்மை செய்யுங்க: முக்கால் மீட்டர் மூங்கில் குச்சி, அதுல கட்ட, பழைய பனியன்ல 2 விரல் அகலத்துக்குக் கிழிச்ச ஒரு மீட்டர் துணி. பனியன் துணி நூல் பிரியாது, அதனாலதான். துணி நுனியில பெரிய முடிச்சு. மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்க, எந்த எலியும் பூனையைத் தேடி வராது! தரையோட தரையா விலக்கி இழுத்து, கட்டில் காலுக்குப் பின்னாடி பாதி மறைச்சு, நிறுத்தி, லேசா நடுங்க விடுங்க. பின்பக்கத்தை ஆட்டிக்கிட்டுப் பதுங்கும், அப்புறம்தான் பாயும். நாலு பாய்ச்சலுக்கு ஒண்ணாவது பிடிபடணும். 10 நிமிஷம் போதும். முடிஞ்சதும் குச்சியை பீரோவுல வைங்க.

பதில் 3
கடிக்கும்போது காலை உதறினா இரை துள்ளுதுன்னு இன்னும் இறுக்கும். அசையாம நின்னு, துணிப் பந்தை எதிர்ப்பக்கம் உருட்டி விடுங்க. அடிக்கவோ தண்ணி தெளிக்கவோ வேண்டாம், பயம்தான் மிஞ்சும். வெறும் கையால விளையாட்டுக் காட்டுறதை வீட்டுல எல்லாரும் நிறுத்தணும். ரத்தம் வந்தா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய் (ரேபிஸ்) ஊசி பத்திக் கேளுங்க.
4 மணிக்கு எழுப்புறதுக்கு: ராத்திரி 10 மணிக்கு விளையாட்டு, உடனே சாப்பாடு. வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம், தூக்கம், அதுதான் அதோட வரிசை. விடியக்காலை கத்தினா எழுந்து சோறு வைக்காதீங்க, வச்சா தினமும் எழுப்பும்.

கேட்டவர்
லேசர் லைட் அடிக்கலாமாங்க?

பதில் 2
கண்ணுல படக்கூடாது. பிடிக்க ஒண்ணுமே கிடைக்காம ஏங்கிப்போகும், கடைசியில புள்ளியைத் துணி எலி மேல கொண்டு போய் நிறுத்துங்க. சித்திரை வெயில்ல மதியம் ஓடவிடாதீங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா அப்பவே நிறுத்திடணும்.