நெஞ்சு குழிந்திருக்கிறது: 9 வயதில் ஆபரேஷன் செய்யலாமா?

கயல் அம்மா:
என் மகனுக்கு 9 வயது. பிறந்ததிலிருந்தே நெஞ்சு நடுவில் உள்வாங்கி இருக்கிறது. குளிக்கும்போது அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். முன்பெல்லாம் அதைப் பார்த்து அவனே சிரிப்பான். இப்போது நீச்சல் வகுப்பு என்றாலே வயிற்று வலி என்கிறான். டாக்டர், “12 வயதுக்கு மேல் பார்க்கலாம், வருடம் ஒருமுறை கூட்டி வாருங்கள்” என்றார். எலும்பு இளசாக இருக்கும்போதே செய்தால் சுலபம்தானே என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

ஈரோடு அப்பா:
அம்மா, நாங்களும் 7 வயதிலேயே செய்துவிடத் துடித்தோம். சர்ஜன்தான் உட்காரவைத்துப் புரியவைத்தார். விலா எலும்புகள் மார்பெலும்போடு சேரும் இடத்தில் இருப்பது குருத்தெலும்பு. ராவிட்ச் என்கிற பழைய முறையில் அதை வெட்டி எடுப்பார்கள். 4, 5 வயதில் அப்படிச் செய்துகொண்ட சில பிள்ளைகளுக்கு உடம்பு வளர்ந்தும் மார்புக்கூடு வளரவில்லை. மூச்சுக்கே திண்டாட்டமாகிவிட்டது.

1987இல் டொனால்ட் நஸ் என்ற சர்ஜன் அமெரிக்காவில் தொடங்கிய முறையில் குருத்தெலும்பை வெட்டுவதில்லை. வளைத்த உலோகக் கம்பியை மார்பெலும்புக்குப் பின்னால் நுழைத்துத் திருப்பினால், எலும்பு முன்னுக்கு வந்துவிடும். ஆனால் சின்ன வயதில் போட்ட கம்பியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால், அப்புறம் பையன் மளமளவென்று உயரும்போது நெஞ்சு மறுபடி உள்ளே போகலாம். அந்த வளர்ச்சி நடக்கும்போது கம்பி உள்ளே இருக்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் 12 முதல் 16 வயதுக்குள் செய்கிறார்கள்.

என் மகனுக்கு 14இல் செய்தோம். சிடி ஸ்கேனில் ஹேலர் எண் 4.1 வந்தது. மார்பின் அகலத்தை, மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் கிடைப்பது அது. சாதாரணமாக 2.5 பக்கம் இருக்கும். 3.25ஐத் தாண்டினால் கடுமை என்பார்கள்.

வலியை மறைக்க மாட்டேன். முதல் நான்கு நாள் எழுந்து உட்காரவே நான் முதுகில் கை கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் அவன் புத்தகப் பையை நான்தான் சுமந்தேன். 3 வருடம் கழித்துக் கம்பியை எடுத்தபோது மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

27இல் செய்துகொண்டவன்:
வயதாகிவிட்டதே என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு 27இல் செய்தார்கள். எலும்பு இறுகிவிட்டதால் இரண்டு கம்பி, ஆறு வாரம் வலி மாத்திரை. ஆனாலும் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது நன்றாகக் குறைந்தது. முடிவெடுக்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள், நிக்கல் அலர்ஜி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அலர்ஜி இருந்தால் டைட்டானியம் கம்பி போடுவார்கள். பையன் நெட்டையாக, விரல்கள் மிக நீளமாக இருந்தால் மார்ஃபான் என்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்ற பரிசோதனையும் தேவை.

கயல் அம்மா:
இரண்டு பேருக்கும் நன்றி. காத்திருக்கிறேன். அதுவரை இந்த நீச்சல் வகுப்பை என்ன செய்வது?

ஈரோடு அப்பா:
முழுக்கைப் பனியன் மாதிரி நீச்சல் சட்டை கிடைக்கிறது. மாஸ்டரிடம் நான் போய்ப் பேசினேன், ஒத்துக்கொண்டார். நீச்சலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மூச்சுக்கு அவ்வளவு நல்லது. உறிஞ்சிக் கிண்ணம் ஒன்றும் இருக்கிறது. நெஞ்சின்மேல் வைத்து, உள்ளிருக்கும் காற்றை எடுத்தால் குழி மேலே வரும். மாதக்கணக்கில் தினமும் வைக்க வேண்டும், எல்லோருக்கும் கேட்காது. ஆனால் நெஞ்சு இன்னும் இளகியிருக்கும் இந்த வயதில்தான் அதற்குப் பலன் அதிகம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.