எண்ணூரில் தலை மட்டும் பழுப்பான வெள்ளைப் பறவை: என்னது இது?

கத்திவாக்கம் சேகர்:
முகத்துவாரத்தில் கூட்டமாக வெள்ளைப் பறவைகள். பொங்கல் சமயத்தில் தலை வெள்ளைதான். இப்போது பலவற்றுக்குத் தலை மட்டும் பழுப்பு. நோயா, வேறு பறவையா? பையன் நாளைக்குப் பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவசரம்.

காசிமேடு வலைக்காரன்:
அலகு, கால் என்ன நிறம்? படம் இருக்கா?

மணலி மீனா:
ஆலா என்கிற நீர்ப்பறவைதான். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து, தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிக்கிறதா?

எர்ணாவூர் பெருசு:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்தக் கறைதான். கூழைக்கடா எல்லாம் உடம்பு கறுத்து உட்கார்ந்திருந்தது.

பழவேற்காடு பைனாகுலர்:
முதலில் பறவையை முழுசாகப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கப் பழகுங்கள். கொக்கும் வெள்ளைதான். பெருசு, மிதக்கிற பறவைக்கு எண்ணெய் வயிற்றில் அல்லவா முதலில் படும்? தலைக்கு மட்டும் தொப்பி மாட்டியதுபோல் எப்படி ஒட்டும்? அந்த இறகெல்லாம் எப்போதோ உதிர்ந்திருக்கும். ஆலாவும் இல்லை, அதற்கு உச்சந்தலை கறுப்பு. இது பழுப்புத்தலை கடற்காகம், ஆங்கிலத்தில் 'gull' என்பார்களே, அது. குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு மட்டும் இருக்கும். மார்ச் வாக்கில் தலை பழுப்பேறும். அப்புறம் லடாக், திபெத் ஏரிகளுக்குக் கிளம்பிவிடும்.

எர்ணாவூர் பெருசு:
பைனாகுலரில் பார்த்தால் எண்ணெய் தெரியாது சார். அலையாத்தி வேரெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. வலையைத் தூக்கித்தான் போட்டோம்.

பழவேற்காடு பைனாகுலர்:
அதை யார் மறுத்தது? கேள்வி பறவையைப் பற்றி.

காசிமேடு வலைக்காரன்:
சண்டை அப்புறம். சேகர் எங்கே? கருந்தலைக் கடற்காகத்துக்கும் கோடையில் தலை பழுப்புதான், பேரை நம்பாதீர்கள். பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள். கறுப்பு நுனிக்குள் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலை. முன் விளிம்பில் வெள்ளைப் பட்டை நீளமாக ஓடினால் மற்றது. மீன் கழிவைக் கொட்டும்போது தலைக்கு மேலேயே சுற்றும், நன்றாகத் தெரியும்.

கத்திவாக்கம் சேகர்:
அலகு, கால் சிவப்பு. நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கு. பையன் எழுதிட்டான். நன்றி.

மணலி மீனா:
சேகர், தலை இன்னும் வெளுப்பாக இருப்பவற்றுக்கு வால் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கா? இருந்தால் அவை போன வருஷக் குஞ்சுகள். ஹலோ?