கம்பிரசர் பிளேடு ஃபிளட்டர்: 36 கோணங்களையும் கணக்கிட வேண்டுமா?

மஸ்கெலியாக்காரி:
பேராதனையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்பிரசரின் பிளேடுகளில் ஃபிளட்டர், அதாவது தானாகவே வளரும் அதிர்வு, வருமா என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் ஆய்வு. ஒரு வரிசையில் 36 பிளேடுகள். சுழலும் வேகத்துக்கு எதிரே அதிர்வெண்களைக் காட்டும் கேம்பல் வரைபடத்தில், இயங்கும் வேகத்துக்கு அருகே பரிவு எதுவும் இல்லை. அடுத்தடுத்த பிளேடுகளுக்கு இடையிலான அவத்தைக் கோணத்தை (ஒன்றின் அசைவு மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதை) 0, 90, 180, 270 பாகை என வைத்துப் பார்த்தேன். நான்கிலும் தணிப்பு நேர்ப்பெறுமானமே, அதாவது அதிர்வு அடங்கிவிடுகிறது. "இது போதாது" என்கிறார் மேற்பார்வையாளர். ஒரு கோணத்துக்கு மடிக்கணினி ஓர் இரவு முழுவதும் ஓடுகிறது. விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். மழை வலுத்தால் மின்சாரம் போய்விடுகிறது, பாதிக் கணக்கு வீணாகிறது. 36 கோணங்களும் கட்டாயமா?

ஊவாக் காற்று:
தங்கச்சி, கேம்பல் வரைபடம் பரிவை மட்டுமே காட்டும். பரிவுக்கு வெளியிலிருந்து ஒழுங்கான தட்டல் வேண்டும். ஃபிளட்டருக்கு அது வேண்டியதில்லை. மானாப்புல்லை இரு பெருவிரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்து ஊதியிருப்பாய். மூச்சு சீராகத்தான் போகிறது, புல் கீச்சிடுகிறது. தன் அசைவாலேயே காற்றிடமிருந்து சக்தியைப் பறிக்கிறது. பிளேடும் அப்படித்தான்.

36 பிளேடுகள் என்றால் கோணங்கள் 10 பாகைக்கு ஒன்றாக வரும். மோசமான கோணம் பெரும்பாலும், அதிர்வு பிளேடுக்குப் பிளேடு அலையாகச் சுழலும் திசையில் ஓடும்போது, 20, 30, 40 பாகைப் பக்கம் ஒளிந்திருக்கும். நீ 0இலிருந்து 90க்குத் தாவிவிட்டாய்.

ஆனாலும் 36 இரவுகள் வேண்டாம். ஒரேயொரு பிளேட்டை அதிரவிடு. அதன் மீதும் இருபுறத்து அயல் பிளேடுகள் மீதும் எழும் விசைகளைப் பதிந்துகொள். வீச்சம் சிறிதாக இருக்கும்வரை, அந்த விசைகளை உரிய அவத்தையோடு கூட்டினால் எல்லாக் கோணங்களின் தணிப்பும் கிடைத்துவிடும். பிளேடு தன்மீதே உண்டாக்கும் பங்கு அந்த 36இன் சராசரி. அதை மேலும் கீழும் இழுப்பவை அயல் பிளேடுகள். சராசரியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதே. மாதிரியில் ஏழு பிளேடுகளாவது வேண்டும், ஆகவே கணக்கு பெரியது, இடையிடையே சேமித்துக்கொள்.

கொழுந்து மடுவம்:
தேயிலைத் தொழிற்சாலையில் 22 வருடமாக இயந்திரங்களைப் பார்க்கிறேன், மகள். வாட்டும் தொட்டியில் கொழுந்தை அளவுக்கு மீறிப் பரப்பினால் விசிறி உறுமும். சட்டத்தில் கை வைத்தால் நடுக்கம் முழங்கைவரை ஏறும். அதுவும் இதுதானா?

ஊவாக் காற்று:
இல்லை அண்ணன். காற்று போக வழியின்றிப் பாய்ச்சல் குறைந்து, பிளேட்டின் முதுகை விட்டுப் பிரிகிறது. உங்கள் பிளேடு தடித்தது, அது ஃபிளட்டருக்கு இலகுவில் ஆளாகாது. ஆனால் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கம்பிரசரிலும் பாய்ச்சல் குறைந்து சர்ஜ் (காற்று பின்னோக்கிப் பாயும் நிலை) எல்லையை நெருங்கும்போதுதான், அதிலும் முழு வேகத்துக்குக் கீழே, ஃபிளட்டர் அதிகம் தலைகாட்டுகிறது. தங்கச்சி, நீ எந்த இயக்கப் புள்ளியில் கணக்கிட்டாய்?

மஸ்கெலியாக்காரி:
வடிவமைப்புப் புள்ளியில் மட்டும், அண்ணா. இரண்டு இரவுகளாக ஒற்றைப் பிளேட்டை சர்ஜ் பக்கம் கொண்டுபோய் ஓடவிட்டேன். 30 பாகையில் தணிப்பு மறைப்பெறுமானம். 20, 30, 40 மூன்றையும் நேரடியாக ஓட்டிச் சரிபார்க்கிறேன். மாமா, உங்கள் விசிறியில் எத்தனை பிளேடுகள்?