புதுப்பிப்பு: 80-க்கு மேல ஸ்டியரிங் நடுக்கம், ஒருவழியா ஆள் சிக்கிட்டான்

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, கார் 80 கிலோமீட்டர் வேகத்த தாண்டுனா ஸ்டியரிங் கைல நடுங்குது, ரெண்டு தடவை வீல் பேலன்சிங் (சக்கரம் சீரா சுத்துறதுக்கு ரிம்ல சின்னச் சின்ன வெயிட் ஒட்டுறது) பண்ணியும் நாலே நாள்ல திரும்ப வந்துடுதுன்னு, அதோட அப்டேட்.

பிரேக் டிஸ்க்க மாத்துன்னு நிறைய பேர் சொன்னீங்க, ஆனா பிரேக் மிதிச்சா பெடல்ல துடிப்பே இல்ல, சும்மா ஓடும்போதுதான் நடுக்கம், அதனால அதுல கை வைக்கல (நல்லவேளை). ஒரு அண்ணன் சொன்ன மாதிரி முன் சக்கரங்கள பின்னாடி மாத்தி ஓட்டிப் பாத்தேன், ஸ்டியரிங் கப்சிப், நடுக்கம் அப்படியே சீட்டுக்கு வந்துடுச்சு. அப்போ வில்லன் சக்கரம்தான்.

கழட்டி உள்பக்கம் பாத்தா ரிம் பூரா காஞ்ச சேறு அப்பிக் கெடக்கு! அதோடயே பேலன்ஸ் பண்ணிருக்காங்க, ஓட ஓட சேறு பொத்துப் பொத்துன்னு உதிர உதிர ஒட்டுன வெயிட்டெல்லாம் கணக்கு தப்பிப்போச்சு. வாராவாரம் வெளிய பளபளன்னு கழுவுற நான் உள்ள ஒரு தடவை கூட எட்டிப் பாக்கல, என்னத்த சொல்ல.

சுரண்டிக் கழுவி மறுபடி பேலன்ஸ் பண்ணி 600 கிலோமீட்டர் ஓட்டியாச்சு, கைல ஒரு நடுக்கமும் இல்ல. ஒரு டயர் மட்டும் உள் ஓரம் தேஞ்சிருக்கு, அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணம்) பாக்கணும், அது தனிக் கதை.