முட்டி மாத்தி 18 நாள், தையல்ல நீர் கசியுது. மாத்திரையிலேயே சரியாகாதா?

மழைக்காலம்:
அம்மாவுக்கு முட்டி மாத்தி 18 நாள் ஆச்சுங்க. நாலு நாளா தையல் ஓரத்துல நீர் கசிஞ்சுகிட்டே இருக்கு, தொட்டா சூடா இருக்கு, காய்ச்சல் இல்ல. டாக்டர் ஊசி போட்டு உள்ள இருந்த நீரை டெஸ்டுக்கு எடுத்தார், மறுபடி திறந்து கழுவி நடுவுல இருக்கிற பிளாஸ்டிக்கை மாத்தணும்னுட்டார். அம்மா ஒரே அழுகை, இப்பதான் வாக்கர் இல்லாம நாலு அடி வச்சாங்க. வீட்ல ஆன்டிபயாடிக் மாத்திரை மிச்சம் இருக்கு, முதல்ல அதைக் குடுத்துப் பார்க்கலாமா?

லேப்காரன்:
அந்த மாத்திரையை தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க சார். நான் கல்ச்சர், அதாவது சாம்பிள்ல கிருமியை வளர்த்துப் பார்க்கிற வேலைல இருக்கேன், ரெண்டு வேளை மாத்திரை போட்டுட்டு வர்ற சாம்பிள்ல சிலசமயம் ஒண்ணுமே வளராது, ஆனா கிருமி உள்ள அப்படியே உக்காந்திருக்கும், எந்தக் கிருமின்னே தெரியாம எந்த மருந்தைக் குடுக்கிறது?

உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதான் பிரச்சனையே. கிருமி அதுல ஒட்டினதும் தன்னைச் சுத்தி பிசுபிசுன்னு படலம் கட்டிக்கும், அதான் பயோஃபிலிம். பல்லுல படியுதே அதுவும் இதே சாதிதான், எவ்வளவு கொப்பளிச்சாலும் போகாது, தேய்க்கணும். படலத்துக்குள்ள கிருமி பெருகாம தூங்குற மாதிரி கிடக்கும், நிறைய மருந்து பெருகுற கிருமியைத்தான் கொல்லும். 1957-லயே எலெக்னு ஒருத்தர் காட்டினார், வெறும் தோல்ல சீழ் பிடிக்க லட்சக்கணக்குல ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற கிருமி வேணும், ஒரு பட்டுநூல் தையல் இருந்தா சில நூறே போதும்னு. உங்கம்மா முட்டில இருக்கிறது நூல் இல்ல, முழு மூட்டு.

இப்ப படலம் இளசா இருக்கு, கழுவினா மூட்டைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. திறக்கும்போது அஞ்சாறு இடத்துல சதை எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மெதுவா வளர்ற கிருமிக்கு 14 நாள் வரைக்கும் வச்சுப் பார்க்கணும்.

மூத்தவன்:
தம்பி, நாங்க நீங்க நினைச்ச அதையேதான் அப்பாவுக்கு செஞ்சோம். மூணு மாசம் மாத்திரை மாத்தி மாத்தி குடுத்தோம், கசிவு நிக்கும், திரும்ப வரும். கடைசில மூட்டையே கழட்டி மருந்து கலந்த சிமென்ட் வச்சு, ரெண்டரை மாசம் கழிச்சுதான் புதுசு போட்டாங்க. அந்த ரெண்டரை மாசமும் அவர் பட்ட பாட்டை இன்னும் மறக்க முடியல. அம்மாகிட்ட பொறுமையா பேசுங்க, நாளைக்கே அட்மிட் பண்ணுங்க.

மழைக்காலம்:
கழுவியாச்சுங்க. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்னு வந்திருக்கு. ஊசி போயிட்டு இருக்கு, அப்புறம் ரிஃபாம்பிசின்னு ஒரு ஆன்டிபயாடிக் சேர்ப்பாங்களாம். அதை இப்பவே ஏன் ஆரம்பிக்கல?

மருந்தாளர்:
காரணம் இருக்குங்க. படலத்துக்குள்ள போய் ஸ்டஃபைலோகாக்கஸை அடிக்கிற மருந்துல அது முக்கியமானது, ஆனா தனியா குடுத்தாலோ கிருமி நிறைய இருக்கும்போது குடுத்தாலோ சீக்கிரமே எதிர்ப்பு வந்துடும், அப்புறம் அந்த ஆயுதமே போச்சு. அதனால புண் காயுற வரைக்கும் காத்திருந்து இன்னொரு மருந்தோட ஜோடியா குடுப்பாங்க. சிறுநீர் ஆரஞ்சு கலரா போகும், அம்மா பயந்துடப் போறாங்க, முன்னாடியே சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை, சுகர் மாத்திரை எது சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க, இது பல மருந்தோட வேகத்தைக் குறைச்சிடும்.

நல்லாயிட்டாங்கன்னு பாதில நிறுத்திடாதீங்க. 2021-ல வந்த பிரெஞ்சு ஆய்வுல 6 வாரம் மருந்து எடுத்தவங்கள்ல 18.1 சதவீதம் பேருக்கு தொற்று போகல, 12 வாரம் எடுத்தவங்கள்ல 9.4 தான்.

இன்னொரு முட்டியும் மாத்துறதா இருந்தா, அதுக்கு முன்னாடி சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வாங்க, மூக்குல ஸ்டஃபைலோகாக்கஸ் இருக்கான்னு பார்த்து களிம்பு போடணுமான்னு கேளுங்க.